கச்சேரியின் கடைசி 25 நிமிஷம்: துக்கடா வரிசை, மத்யம சுருதி, தில்லானாக் கோர்வை

#1 கீழ்க்காலம்

இரண்டரை மணி நேரக் கச்சேரி. பிரதான ராகம் காம்போதி, தனி ஆவர்த்தனமும் (தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி) அதற்கே. தனி முடிந்த பிறகு 25 நிமிஷம் மிஞ்சும் என்ற கணக்கில் கீழ்க்கண்ட துக்கடா (பிரதானத்துக்குப் பின் பாடும் சிறு உருப்படிகள்) வரிசை. ஆண் குரல், சுருதி 1 கட்டை. வயலின், மிருதங்கம், கடம்.

விருத்தம் (தாளமில்லாமல் ராகத்தில் பாடும் செய்யுள்) 'பித்தா பிறைசூடீ', தொடர்ந்து 'என்ன தவம் செய்தனை' (காபி)
ஜாவளி 'மருபாரி' (கமாஸ்)
பதம் 'சிவதீக்ஷா பரு' (குறிஞ்சி)
திருப்புகழ் 'முத்தைத்தரு'
மோகனகல்யாணி தில்லானா
மங்களம்

வரிசை சரியா, எங்கே இடிக்கும், எதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்கணும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். துக்கடாதானே, எப்படிப் பாடினாலும் சபை ரசிக்கும் என்கிற பதில் மட்டும் வேண்டாம்.

#2 பழைய_தட்டு

வரிசைக்குள் போகும் முன் இந்த உருப்படிகள் எந்த வழியாக மேடைக்கு வந்தன என்று பார்த்துவிட்டால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

பதம், ஜாவளி, தில்லானா மூன்றும் சதிரிலிருந்து (பரதநாட்டியத்தின் பழைய வடிவம்) வந்தவை. தஞ்சை நால்வர் (சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு) 19ஆம் நூற்றாண்டில் ஒழுங்குபடுத்திய மார்க்கத்தில் (ஆட்ட நிகழ்ச்சியின் உருப்படி வரிசை) வர்ணத்துக்கு அப்புறம் இதே வரிசையில்தான் வரும். நம் கச்சேரியின் கடைசிப் பகுதி ஏறக்குறைய அந்த மார்க்கத்தின் பின்பாதி. அபிநயம் பிடிப்பதற்காகச் செய்த உருப்படியில் ஒரே வரியைப் பத்துத் தடவை பாடுவதற்குக் காரணம் உண்டு. ஆட்டம் இல்லாத மேடையில் அந்தக் காரணம் கிடையாது. ஆட்டத்துக்குப் பாடும் தில்லானா பத்து நிமிஷம் ஓடும், கச்சேரியில் நாலைந்து நிமிஷத்துக்கு மேல் போனால் இழுவை.

அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) கச்சேரிக்கு ஒரு அமைப்புக் கொடுத்தபோது இவற்றுக்கெல்லாம் பின்னால் நிரந்தரமாக ஒரு இடம் கிடைத்தது. அதே காலத்தில் இசைத்தட்டு இன்னொரு காரியம் செய்தது. 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கம் சுமார் 3 நிமிஷம். அந்த அளவுக்குள் அடங்கும் ஜாவளியும் தமிழ்ப் பாட்டும் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. அடங்காததை வெட்டினார்கள். இரண்டாவது மூன்றாவது சரணம் பலருக்கு இன்றைக்குத் தெரியாமல் போனதற்குத் தட்டும் ஒரு காரணம்.

தமிழிசை இயக்கத்தின் மனக்குறையும் இந்த இடத்தைப் பற்றியதுதான். சென்னையில் 1943இல் தமிழ் இசைச் சங்கம் உருவானபோது முன்வைத்த முக்கியமான குறைகளில் ஒன்று, தமிழ்ப் பாட்டைக் கச்சேரியின் வாலில் கட்டிவிடுகிறார்கள் என்பது. உங்கள் வரிசையிலும் தமிழ் முழுக்க வாலில்தான் இருக்கிறது. பாபநாசம் சிவன் கீர்த்தனை ஒன்றை நடுவில் வைத்து ராகம், நிரவல், ஸ்வரம் எல்லாம் பாடலாமே. இதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

#3 நாலு_தந்தி

மூன்று இடத்தில் இடிக்கும்.

முதலில் கமாஸ். காம்போதி 40 நிமிஷம் ஓடி, தனி முடிந்து, பத்து நிமிஷத்தில் கமாஸ் வந்தால் ஸ்வரங்கள் அதேதான்: சதுஸ்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்யமம், சதுஸ்ருதி தைவதம், கைசிகி நிஷாதம். காகலி நிஷாதம் தொட்டால் கொஞ்சம் வேறுபடும், அவ்வளவுதான். ரசிகருக்குக் காது காம்போதியிலேயே இருக்கும். ஜாவளிதான் வேண்டும் என்றால் பரஸில் 'ஸ்மர சுந்தராங்குனி' இருக்கிறது. அதுவும் தர்மபுரி சுப்பராயர். சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும் வந்தவுடனே சபை நிமிர்ந்து உட்காரும்.

இரண்டாவது, விருத்தம். சிவனைக் கூப்பிட்டு நாலு வரி பாடிவிட்டு யசோதையிடம் போவது தடை இல்லை. ஆனால் விருத்தம் பாட்டுக்கு வாசல். பெரியாழ்வாரின் 'மாணிக்கம் கட்டி' எடுத்தால் தொட்டிலிலிருந்து நேரே 'என்ன தவம்' போய்விடலாம். நீலாம்பரியில் தொடங்கி, நடுவில் ஒரு ராகம், கடைசி வரி காபி. நாலு வரிக்கு நாலு ராகம் என்று அடுக்க வேண்டாம். மூன்றே போதும்.

மூன்றாவது, குறிஞ்சியை நடுவில் வைத்திருப்பது. மத்யம சுருதி (மத்யமத்தையே ஷட்ஜமாக வைத்துப் பாடுவது) மாற்றத்துக்கும் திரும்பி வருவதற்கும் யோசித்தீர்களா?

#4 கீழ்க்காலம்

பரஸ் ஒப்புக்கொண்டேன். பாசுரமும் மாற்றிக்கொள்கிறேன்.

மத்யம சுருதிக்கு மின் தம்புராவில் 'ம' பொத்தான் இருக்கிறதே, அழுத்தினால் வேலை முடியாதா? தவிர, குறிஞ்சியை வழக்கமான சுருதியிலேயே பாடினால் என்ன குறைந்துவிடும்?

#5 நாலு_தந்தி

பின்னதற்கு முதலில் பதில். குறிஞ்சி தைவதாந்த்ய ராகம். மந்தர நிஷாதம் தொட்டு மத்ய தைவதம் வரைக்கும்தான் சஞ்சாரம், மேல் ஷட்ஜம் கிடையாது. புன்னாகவராளியும் நாதநாமக்ரியையும் நிஷாதத்தோடு நின்றுவிடும். நவரோஜ் பஞ்சமத்தோடு. 1 கட்டையில் குறிஞ்சி பாடினால் முழுப் பாட்டும் குரலின் கீழ்ப்பாதியில் கிடக்கும். இரண்டு மணி நேரம் பாடிச் சூடேறிய குரல் மேலேதான் நன்றாகப் பேசும். அதனால் மத்யமத்தை ஷட்ஜமாக வைத்துக்கொள்கிறோம். உங்களுக்கு 1 கட்டையிலிருந்து 4 கட்டைக்குப் போகும். ஐந்தரைக் கட்டையில் பாடும் பெண்களுக்கு மேல் ஒன்றரைக் கட்டை.

இப்போது தம்புரா. பஞ்சமத் தந்தியை மத்யமத்துக்கு இறக்கினால், பழைய மத்யமம் புது ஷட்ஜம், பழைய ஷட்ஜம் புதுப் பஞ்சமம். சுருதி கச்சிதமாகச் சேரும். இறக்க மறந்தால் பழைய பஞ்சமம் புதுச் சுருதியில் சதுஸ்ருதி ரிஷபமாக ஒலித்துக்கொண்டே இருக்கும். குறிஞ்சியிலும் செஞ்சுருட்டியிலும் அந்த ரிஷபம் ராகத்துக்கு உரியது என்பதால் தப்பு உடனே தெரியாது, ஏதோ கலங்கினமாதிரி மட்டும் இருக்கும். புன்னாகவராளியில் சுத்த ரிஷபம். அங்கே தம்புரா ஒரு ரிஷபம், பாடகர் ஒரு ரிஷபம், சபையில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

வயலினுக்கும் இதேதான். ஸ–ப–ஸ–ப என்று சேர்த்திருக்கும் தந்திகள், முறுக்காமல் விட்டால், புதுச் சுருதியில் ப–ரி–ப–ரி ஆகின்றன. வயலின்காரர் விரல் இடத்தை மாற்றி வாசித்துவிடுவார், ஆனால் திறந்த தந்தி ரிஷபத்தில் வில் பட்டால் நாதநாமக்ரியையில் அபஸ்வரம். அவருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். மேடையில் திரும்பிப் பார்த்து 'மத்யமம்' என்று முணுமுணுப்பது கடைசி நிமிஷ ஏற்பாடு.

மின் தம்புராப் பொத்தான் விஷயம்: 'ம' அழுத்தினால் போதும், சுருதி எண்ணை 4 கட்டைக்குத் திருப்ப வேண்டாம். சிலர் பொத்தானையும் அழுத்தி எண்ணையும் திருப்புவார்கள். அப்போது மத்யமத்துக்கு மத்யமம், 6½ கட்டையில் நிற்கும்.

#6 வலந்தலை

மேலே சொன்னதோடு ஒன்று. மிருதங்கம் ஷட்ஜத்துக்குச் சேர்ந்தது, மத்யம சுருதியில் அது பஞ்சமமாகப் பேசும். ஒத்துப்போகும், தொந்தரவு இல்லை. கடமும் அப்படியே. மிருதங்கத்தை மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. மாற்றினால் திரும்பவும் தில்லானாவுக்கு மாற்றணும், இரண்டு நிமிஷம் கல்லும் கட்டையும் தட்டும் சத்தம்தான் கேட்கும்.

#7 அனுபல்லவி

வரிசையில் ஜாவளி, பதம் இரண்டும் இருப்பதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இரண்டையும் 'சிருங்காரப் பாட்டு' என்று ஒரே கட்டில் கட்டுகிறோம். பாடும் முறையில் ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம்.

பதத்தின் பாரம்பரியம் க்ஷேத்ரய்யா, 17ஆம் நூற்றாண்டு, தஞ்சை விஜயராகவ நாயக்கர் அவை வரை போகிறது. தமிழில் கனம் கிருஷ்ணய்யர், வைத்தீசுவரன்கோயில் சுப்பராமய்யர். எல்லாம் விளம்பம், அதாவது மெதுவான காலம். ராகம் முழு வீச்சில் இருக்கும், முகாரியோ சஹானாவோ அந்தப் பதத்துக்குள்ளேயே ஒரு ஆலாபனை அளவுக்குக் கிடைக்கும். வீணை தனம்மாள் (1867–1938) வழியில் அனுபல்லவியை முதலில் எடுத்துப் பிறகு பல்லவிக்கு வருகிற வழக்கம் உண்டு. அங்கே சங்கதி (ஒரே வரியை வெவ்வேறு விதமாகப் பாடுவது) அடுக்குவது கிடையாது. ஒரு கமகத்துக்கும் (ஸ்வர அசைவு) அடுத்ததுக்கும் நடுவில் உள்ள நிறுத்தம்தான் பதம். தி. பிருந்தா, தி. முக்தா ஒலிப்பதிவுகளில் மூச்சு எங்கே எடுக்கிறார்கள் என்று மட்டும் கவனித்துக் கேளுங்கள். சொல் முடிகிற இடத்தில்தான் இருக்கும், தாளத் தட்டு விழுகிற இடத்தில் அல்ல.

ஜாவளி 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு. மத்யம காலம், ஆதி அல்லது ரூபகம் அல்லது சாபு. கமாஸ், பெஹாக், காபி, ஜிஞ்ஜோடி போல இளகிய ராகங்கள். நாயகி பேச்சும் அப்படியே, சாடை, கிண்டல், கோபம். வரிக்கு இரண்டு சங்கதி, கூடினால் மூன்று. ஸ்வரம் போடுவது கொலைபாதகம். பல ஜாவளிகளில் சரணத்துக்கும் அனுபல்லவியின் மெட்டுதான், ஆகவே மூன்று சரணமும் பாடினால் ஒரே வண்டி மூன்று தடவை போகிறமாதிரி. ஒன்று போதும், கடைசிச் சரணம் முத்திரையோடு (இயற்றியவரின் அடையாளச் சொல்) இருந்தால் அது.

இனி நேரம். 7 அக்ஷர (தாள எண்ணிக்கை) திஸ்ர திரிபுடைப் பதம் ஒன்றை விளம்பத்தில் பாடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அக்ஷரத்துக்கு ஒன்றரை விநாடி என்றால் ஓர் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு சுற்று) பத்தரை விநாடி. பல்லவி 2, அனுபல்லவி 2, சரணம் 4 ஆவர்த்தனம். எல்லாம் இரண்டு தடவை பாடினாலே 16 ஆவர்த்தனம், கிட்டத்தட்ட 3 நிமிஷம். சங்கதி, பல்லவிக்குத் திரும்புவது, ஆரம்ப ராகச் சாயை சேர்த்தால் 6, 7 நிமிஷம். அதைக் குறைக்க ஒரே வழி காலத்தை ஏற்றுவது, அது பதத்தைக் கெடுப்பது. 25 நிமிஷத்தில் பதம் வைத்தால் ஜாவளிக்கு இடம் இல்லை. 'சிவதீக்ஷா பரு' ஆதி தாளம், கொஞ்சம் நகர்ந்து போகும் என்றாலும் இதே நியாயம்தான்.

#8 வலந்தலை

அனுபல்லவி மேடம் சொன்னதில் காலக் கணக்கு சரி. 'ஸ்வரம் கொலைபாதகம்' கொஞ்சம் காரம்.

பதத்துக்கு வாசிக்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். தனியில் கை ஓடிய வேகம் அடங்காமல் விளம்பப் பதத்தின் இடைவெளியை எல்லாம் ஃபரன் (வேகமான சொல் வரிசை) போட்டு நிரப்புகிறார்கள். விளம்பத்தில் ஓர் அக்ஷரத்துக்கு நாலு மாத்திரை வெறுமனே மீட்டு, கும்கி, சாப்பு என்று விட்டு, அருதிக்கு (வரி வந்து நிற்கும் இடம்) மட்டும் சின்ன முடிப்பு. இடந்தலை ரவை காய்ந்திருந்தால் தனி முடிந்ததும் தண்ணீர் தொட்டுச் சரி பண்ணிக்கொள்ளுங்கள். காய்ந்த ரவையில் கும்கி வராது, கும்கி இல்லாத பதம் மரப்பலகையில் தட்டுகிறமாதிரி கேட்கும்.

பாடகருக்கும் ஒன்று: பதத்தில் தாளம் போடும் கை பெரிசாக ஆட வேண்டாம். கை பெரிசாக ஆடினால் காலம் தானாக ஏறும்.

#9 கீழ்க்காலம்

சரி, ஜாவளியா பதமா என்பதைக் கடைசியில் முடிவு பண்ணுகிறேன். தில்லானா பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே. கோர்வை (கணக்கோடு எடுப்பில் வந்து சேரும் சொற்கட்டு) சரணத்துக்கு அப்புறம் ஒன்று சேர்க்கலாம் என்று எண்ணம். பல்லவி எடுப்பு (தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம்) மாறினால் கோர்வையும் முழுசாக மாற்ற வேண்டுமா?

#10 வலந்தலை

வேண்டாம். இடைவெளியை மாற்றினால் போதும். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

ஆதி தாளம், சதுஸ்ர நடை, ஓர் ஆவர்த்தனம் 32 மாத்திரை. இரண்டு ஆவர்த்தனம் 64.

முன்பாதி:
தகிட தகிட தகதிமி தகஜுணு தகதிமி (18)
தகிட தகதிமி தகஜுணு தகதிமி (15)
தகதிமி தகஜுணு தகதிமி (12)
கூட்டு 45.

பின்பாதி, ததிகிணதொம் மூன்று தடவை. நடுவில் 2, 2 கார்வை (நிறுத்தம்): 5+2+5+2+5 = 19.
45+19 = 64. சமத்தில் (ஆவர்த்தனத்தின் முதல் தட்டு) எடுப்பு என்றால் இது.

எடுப்பு சமத்துக்கு 2 மாத்திரை தள்ளி இருந்தால் 66 வேண்டும். கார்வையை 2லிருந்து 3 ஆக்குங்கள்: 5+3+5+3+5 = 21. வந்துவிட்டது.

6 மாத்திரை தள்ளி எடுப்பு என்றால் 70. கார்வை 2 ஆகவே இருக்கட்டும், முடிப்பை 7 ஆக நீட்டுங்கள் (த,தி,கிணதொம்): 7+2+7+2+7 = 25. அதுவும் வந்துவிட்டது.

இதில் தவறுவது ஒரே இடம்: கார்வை. 3 மாத்திரைக் கார்வையை உணர்ச்சி வசப்பட்டு 4 ஆக நிறுத்துவார்கள், இரண்டு கார்வையிலும் ஒவ்வொன்று கூடி, எடுப்புக்கு அரை அக்ஷரம் தாண்டி வந்து விழுவார்கள். பிறகு மிருதங்கக்காரர் புன்னகையோடு காப்பாற்றணும். முன்பாதியில் யாரும் தப்புவதில்லை, ஏனென்றால் அங்கே வாய் நிறையச் சொல் இருக்கிறது.

தொடங்குவது எப்போதும் சமத்திலிருந்து. பல்லவியின் அருதி தாண்டி அவசரமாக நுழைய வேண்டாம்.

#11 அனுபல்லவி

தில்லானாவில் கோர்வையைவிட முதலில் உச்சரிப்பு. நாதிரு, தீம், திரனா, உதனதீம் என்ற சொற்கட்டுகளுக்கு அர்த்தம் இல்லை என்பதற்காக வாய்க்குள் மென்றால் மிச்சம் ஒன்றுமில்லை. 'திரனா'வில் ரகரம் நாக்கு நுனியில் ஒரே தட்டு. 'தீம்' முடிவில் உதடு மூடணும், மூடினால்தான் மிருதங்கத்தின் தொப்பியோடு சேரும்.

வேகத்துக்கு ஒரு சோதனை. நிமிஷத்துக்கு 80 அக்ஷரம் வைத்தால் ஆதி ஆவர்த்தனம் 6 விநாடி, விநாடிக்கு ஐந்து மாத்திரைக்குச் சற்று மேல். அதிலேயே அக்ஷரத்துக்கு எட்டு என்று மேல்காலச் சொற்கட்டு வந்தால் விநாடிக்குப் பத்தைத் தாண்டும். அநேகருக்கு நாக்கின் எல்லை அங்கேதான். 100இல் தொடங்கினால் மேல்காலத்தில் திரனா எல்லாம் 'த்ன த்ன' ஆகிவிடும். தில்லானாவை நீங்கள் சொல்ல முடிகிற மேல்காலத்திலிருந்து கீழே கணக்குப் பண்ணித் தொடங்கணும். எல்லாரும் கீழ்காலத்தின் சுகத்தில் தொடங்கி மேலே போய் மாட்டிக்கொள்கிறார்கள்.

லால்குடி ஜெயராமன் (1930–2013) தில்லானாக்களில் இன்னொன்று கவனியுங்கள். வயலின் வில்லின் நடை அவற்றில் தெரியும். மோகனகல்யாணியில் ஏறும்போது மோகனம், இறங்கும்போது கல்யாணி என்பதால் இறக்கத்தில் மத்யமமும் நிஷாதமும் தெளிவாக விழணும். வேகத்தில் இறங்கும்போது ப–க என்று தாவிவிட்டால் முழுக்க மோகனம் பாடின கணக்கு. சரண சாகித்யம் ஒன்றிரண்டு வரிதான், அதையும் ஜதி மாதிரி கடகடவென்று ஒப்பிக்காதீர்கள். அந்த ஒரு இடத்தில்தான் பாட்டு தரையில் கால் ஊன்றுகிறது.

#12 சந்தக்குழிப்பு

திருப்புகழைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறீர்கள். முத்தைத்தருவை மிஸ்ர சாபுவில் பாடப்போகிறீர்கள் என்று நினைக்கிறேன். பாடலாம், ஆனால் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு பாடுங்கள்.

சந்தம் 'தத்தத்தன தத்தத் தனதன'. மாத்திரை எண்ணினால் 6, 4, 4. முத்தைத்தரு 6, பத்தித் 4, திருநகை 4, மொத்தம் 14. சாபு 7, ஆக இரண்டு ஆவர்த்தனத்தில் அடி முடிந்து அடுத்த அடியின் எடுப்பு சமத்துக்குச் சரியாக வரும். வெளியிலிருந்து பார்த்தால் சுத்தம். உள்ளே பாருங்கள்: இரண்டாவது சாபுவின் தட்டு 8ஆவது மாத்திரையில். 'பத்தித்' தொடங்குவது 7இல். ஆக 'பத்' என்பதன் ஒற்றில், 'த்'இல் தட்டு விழுகிறது. அருணகிரியார் வல்லெழுத்தை வைத்து அடித்த இடம் தட்டுக்கு ஒரு மாத்திரை முன்னால் போய்விடும். சாபுத் தட்டை வலுவாகப் போட்டால் 'முத்தைத்தருப, த்தித்திருநகை' என்று காது பிரித்துக் கேட்கும்.

சந்த தாளமாக 6+4+4 என்று தட்டினால் இந்தச் சங்கடம் இல்லை. தகதிமிதக, தகதிமி, தகஜுணு. மூன்று தட்டு, மூன்றும் சீரின் முதலெழுத்தில்.

மூன்றாவது அடியின் தொங்கல் (அடி முடிவில் கூடுதலாக வரும் சீர்) 'எனவோதும்'. எ, ன, வோ, தும் என்று 1+1+2+2 = 6 மாத்திரை. சாபுக்காரர்கள் ஒரு மாத்திரைக் கார்வை சேர்த்து 7 ஆக்கிக்கொள்வார்கள். சந்த தாளத்தில் ஆறாகவே முடித்துவிட்டு அடுத்த அடிக்குப் போகலாம். மிருதங்கக்காரரிடம் எது என்று மேடைக்கு முன்பே சொல்லிவிடுங்கள், தொங்கலில்தான் இருவரும் பிரிவார்கள்.

விருத்தத்துக்கும் ஒரு எச்சரிக்கை. 'மாணிக்கம் கட்டி' பாசுரத்தின் இரண்டாம் அடி அச்சில் 'ஆணிப்பொன் னால்செய்த வண்ணச் சிறுத்தொட்டில்' என்று சீர் பிரித்திருக்கும். அச்சைப் பார்த்துப் பாடுகிறவர் 'ஆணிப்பொன்' என்று ஒரு கார்வை, பிறகு 'னால்செய்த' என்று இன்னொரு ராகப் பிடி. பொன்னாலே செய்த தொட்டில் இரண்டாக உடைந்துவிடும். சீர் யாப்புக்கு, நிறுத்தம் பொருளுக்கு. 'ஆணிப்பொன்னால் செய்த' என்று சேர்த்துப் பாடி, 'வண்ணச் சிறுத்தொட்டில்' என்பதில் ராகத்தை விரியுங்கள். 'தாலேலோ'வில் நீட்ட நிறைய இடம் இருக்கிறது, நடுவில் உடைக்க வேண்டிய தேவையே இல்லை.

#13 நாலு_தந்தி

சந்தக்குழிப்பு ஐயா கணக்கு அருமை. விருத்தத்தில் வயலினுக்கும் ஒரு வேலை உண்டு: கடைசி வரியில் காபிக்கு மாறியதும் பாடகர் முழுசாக ஒரு பிடி பாடி நிறுத்தணும், வயலின் அதை வாங்கி வாசிக்கணும். அது இல்லாமல் பாட்டுக்குள் குதித்தால் முந்தைய ராகத்தின் வாசனை பல்லவி வரை வரும்.

#14 பழைய_தட்டு

இடையில் இரண்டு நிமிஷம் மிஞ்சினால் என்ன பாடுவது என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்: நோட்டுஸ்வரம். முத்துசுவாமி தீக்ஷிதர் (1775–1835) மேல்நாட்டு மெட்டுகளுக்கு வடமொழி சாகித்யம் அமைத்தவை, முப்பதுக்கு மேல் உண்டு. 'சந்ததம் பாஹிமாம்' இங்கிலாந்து அரச வாழ்த்தின் மெட்டு. அந்த மெட்டு மூன்று எண்ணிக்கையில் 14 கட்டம், முதல் பகுதி 6, இரண்டாவது 8. ஆதி தாளத்தில் திணிக்காமல் திஸ்ர ஏகமாகத் தட்டினால் 14 ஆவர்த்தனத்தில் முடிந்துவிடும்.

கெடுப்பது கமகம்தான். சங்கராபரண ஸ்வரம்தானே என்று காந்தாரத்தை அசைத்தால் மெட்டு காணாமல் போகும். வெறும் ஸ்வரமாக, நிமிர்ந்து நிற்கணும். மதுரை மணி ஐயர் பிரபலப்படுத்திய, முத்தையா பாகவதரின் இங்கிலீஷ் நோட்டும் அதே குடும்பம், அதில் ஸ்வரத்தின் தெறிப்பே அழகு.

இதைத் துக்கடா என்று சேர்த்துக்கொள்ளலாமா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். தீக்ஷிதர் சுளிக்கவில்லை.

#15 கீழ்க்காலம்

எல்லாருக்கும் நன்றி. திருத்திய வரிசை:

விருத்தம் 'மாணிக்கம் கட்டி' (நீலாம்பரி, சஹானா, காபி), 'என்ன தவம்': 9 நிமிஷம்
திருப்புகழ், சந்த தாளத்தில்: 3
பதம் 'சிவதீக்ஷா பரு', மத்யம சுருதி: 6
தில்லானா: 5
மங்களம் 'நீ நாமரூபமுலகு' (சௌராஷ்டிரம்): 1½

மொத்தம் இருபத்து நாலரை. ஜாவளி போய்விட்டது. தில்லானாவுக்கு முன் சுருதி திரும்புவதற்கு அரை நிமிஷம் இருக்கிறது.

#16 அனுபல்லவி

பதத்துக்கு 6 என்பது இறுக்கம். தில்லானாவை 4½ ஆக்கி அந்த அரையை இங்கே தாருங்கள். குறிஞ்சியின் கடைசி வரியை முடித்தபின் உடனே தம்புராவை மாற்றாதீர்கள், நாதம் அடங்கட்டும், பிறகு மாற்றுங்கள்.

#17 நாலு_தந்தி

திரும்பி வரும்போது காது இன்னும் 4 கட்டையில் இருக்கும். தம்புரா மாறியவுடன் வயலின் ஒரு தடவை ஸ–ப–ஸ நீட்டட்டும், பிறகு நீங்கள் மோகனகல்யாணியில் நாலு பிடி பாடித் தில்லானாவுக்குப் போங்கள். நேரே தில்லானா எடுத்தால் எடுப்பு ஸ்வரம் மேலே நழுவும்.

#18 வலந்தலை

தனி நீண்டுவிட்டால்? என் கட்சிக்காரர்கள் மேல் பழி வரும் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன். 3 நிமிஷம் நீண்டால் திருப்புகழை விடுங்கள். 6, 7 நிமிஷம் நீண்டால் பதத்தை முழுசாக விடுங்கள், அவசரப் பதம் வேண்டாம். சுருதி மாற்றமும் மிச்சம். தில்லானாக் கோர்வையை மட்டும் நேரம் இல்லை என்று பாதியில் சுருக்காதீர்கள், 45ஐ வெட்டினால் 19 எங்கே போய் உட்காரும் என்று மேடையில் யாருக்கும் தெரியாது. கோர்வையே வேண்டாம் என்று முடிவு பண்ணினால் சரணம் முடிந்து பல்லவி ஒரு தடவை, பிறகு ததிகிணதொம் 5+2+5+2+5 மட்டும். 64இல் 19 போக 45 மாத்திரை. அதாவது பல்லவியை ஓர் ஆவர்த்தனம் பாடி, அடுத்த ஆவர்த்தனத்தில் 13 மாத்திரை, மூன்றேகால் அக்ஷரம், கழித்து நுழையணும்.

#19 கீழ்க்காலம்

அந்த 13க்குப் பல்லவியின் சொல் எங்கே அறுபடுகிறது என்று பார்க்கணும்.

#20 வலந்தலை

அறுபடாது. மூன்று அக்ஷரம் பாடி, மிச்சக் கால் அக்ஷரத்தைக் கார்வையாக விட்டு நுழையுங்கள்.